சத்தம் போட்டுப் படிக்கிறவர்

ஒருவர் ஒரு பேப்பரை வாங்கி, மூக்குக் கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தால் பக்கத்தில் நிற்கிறவனுக்கு எவ்வளவு எரிச்சல் வரும் என்பது பட்டவனுக்குத்தான் தெரியும். நான் பட்டிருக்கிறேன். எங்கள் தெருவே பட்டிருக்கிறது.

அவருக்குப் பெயர் இருந்தது. தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஜக்கார்டு தறிக்கு அட்டை அடித்துக் கொடுப்பவர் என்பதால் அட்டைக்காரம்மா. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். பெயரைப் போட்டால், "என் பேர போடறதுக்கு என்ன கேட்டியாப்பா?" என்பார். நியாயமான கேள்விதான்.

அட்டை அடிப்பது என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புடவைக் கரையில் வருகிற மயிலையும் மாங்காயையும் முதலில் கட்டம் போட்ட தாளில் வண்ணம் நிரப்பி வரைந்திருப்பார்கள். அந்தக் கட்டங்களைப் பார்த்து, ஒரு வரிசைக்கு ஒரு அட்டை என்று துளை போட வேண்டும். துளை இருக்கிற இடத்தில் இழை மேலே எழும்பும், இல்லாத இடத்தில் எழும்பாது. ஒருவர் கட்டத்தைப் படித்துச் சொல்ல, இன்னொருவர் துளை போடுவது வழக்கம். அட்டைக்காரம்மாவுக்கு ஆள் வைத்துக் கட்டுப்படியாகவில்லை. வரிசைக்கு அடியில் ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்து, "ரெண்டு விடு, மூணு அடி, ஒண்ணு விடு, நாலு அடி" என்று தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிக்கொண்டு அடிப்பார். மனசுக்குள் படித்தால் கண் ஒரு வரிசையைத் தாண்டிப் போய்விடுமாம். ஒரு துளை தப்பினால் புடவை நெடுக மயிலுக்குக் கழுத்து சுளுக்கியிருக்கும். அப்புறம் அந்தப் புடவையை யார் தலையில் கட்டுவது?

அந்த ஸ்கேலும் அந்தச் சத்தமும் அட்டையோடு நின்றிருந்தால் எங்களுக்கு ஒன்றுமில்லை. எந்தப் பேப்பர் கைக்கு வந்தாலும் அவருக்கு அது கட்டம் போட்ட தாள்தான்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு எதிர்வரிசையில், மூன்றாவது வீட்டின் முன் அறையை அவர் வாடகைக்குப் பிடித்தபோது அவருக்கு நாற்பது வயது இருக்கும். கணவர் உயிரோடு இல்லை. ஒரே மகள் வேலூர்ப் பக்கம் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அறையைப் பூட்டிக்கொண்டு சர்ச்சுக்குப் போவார். எங்கள் தெருவில் எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் குடி வருவது அப்போது சகஜமில்லை. சிலர் முகத்தைச் சுளித்தார்கள். அவர் அடிக்கிற அட்டையில் பிழையே வராது என்பதால் சுளித்த முகத்தோடு அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

வந்த முதல் நாளே வீட்டுக்காரரிடம் முத்திரைத்தாளை நீட்டினார்.

"பதினோரு மாசத்துக்கு எழுதிக்கலாம்ணா."

வீட்டுக்காரருக்குச் சுருக்கென்றது. "நம்ம தெருவுல எவனும் எழுதினது கெடையாதும்மா. எல்லாம் வாய் வார்த்ததான்."

"இன்னிக்கு உங்க வாய் இருக்குதுண்ணா. நாளிக்கு உங்க பசங்க வாய் இருக்கும். அதுக்கு நான் இன்னா பண்றது?"

வீட்டுக்காரர் கையெழுத்துப் போடப் போனார். அதற்கும் அட்டைக்காரம்மா விடவில்லை. உட்காரவைத்து முழுதும் படித்துக் காட்டிவிட்டுத்தான் பேனாவைக் கொடுத்தார். அப்புறம் போனை எடுத்து அறையின் நாலு சுவர்களையும் படம் பிடித்தார். ஜன்னலுக்குக் கீழே ஈரம் ஊறி ஓதம் ஏறிய இடம், உடைந்த ஸ்விட்ச், பிடியில்லாத தாழ்ப்பாள், எல்லாவற்றையும். "பொண்ணு பாக்க வந்தவ மாதிரி செவுத்த போட்டோ புடிக்கறாளே" என்று வீட்டுக்காரர் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

எங்கள் தெருவைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் அவர் எங்களுக்கு எவ்வளவு பொருந்தாதவர் என்று புரியும். விடியற்காலையில் ஒருவர் தறியில் ஏற்றப்போகிற நீள இழைகளைத் தெரு நெடுக நீட்டிப் பாவு விரித்தால் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. பல் விளக்கிக்கொண்டிருப்பவர்கூட வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து ஒரு முனையைப் பிடிப்பார். யாருடைய பாவு, யாருக்கு நெய்கிறது என்று கேட்கிற பழக்கமில்லை. நாளை நம் பாவுக்கும் நாலு கை வேண்டும். இந்த நல்ல பழக்கத்தை நாங்கள் பேப்பருக்கும் நீட்டி வைத்திருந்தோம். சாட்சிக் கையெழுத்தா, ஜாமீன் கையெழுத்தா, மனுவா, எவன் எதை நீட்டினாலும் பேனாவை வாங்கிப் போட்டுவிட்டுத் தறிக்குத் திரும்பிவிடுவோம். படித்துவிட்டுப் போடுகிறேன் என்று சொன்னால் நீட்டியவனைத் திருடன் என்று சொன்ன மாதிரி. என் அப்பா எத்தனை பேப்பரில் சாட்சி என்று அவருக்கே தெரியாது. இரண்டு தடவை அவருக்குக் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. அதில் ஒன்று எதற்காக வந்தது என்று கடைசிவரை எங்களுக்குப் புரியவில்லை.

அட்டைக்காரம்மா முதல் வாரத்திலிருந்தே பாவு பிடிக்க வந்துவிட்டார். மழை தூறினால் முதல் ஆளாக ஓடிவருவார். ஆனால் யாராவது பேப்பரோடு போனால் ஸ்கேலைத் தேடுவார்.

"பாவுக்கு ஒடனே கை குடுப்பேன்பா. பேப்பருக்கு மொதல்ல கண்ணு, அப்புறம் வாய், கடசியாத்தான் கை" என்பார்.

ஒரு இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வந்தான். "பென்சில்ல டிக் போட்ட எடத்துல மட்டும் கையெழுத்து போடுங்கம்மா, மீதிய நான் ஃபில்லப் பண்ணிக்கறேன்" என்றான். அவர் பாரத்தை வாங்கி, ஒவ்வொரு கேள்வியாகப் படித்து, தானே நிரப்பினார். சர்க்கரை வியாதி உண்டா என்று இருந்த இடத்தில் உண்டு என்று எழுதினார். ஏஜெண்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அத்த எழுதாதீங்கம்மா, கமிஷன்ல பிரச்சன ஆவும்." "இப்ப எழுதலன்னா நான் செத்தப்புறம் என் பொண்ணுக்குப் பிரச்சன ஆவுமே" என்றார் இவர். ஏஜெண்ட் மூன்று டீ குடித்தான். கடைசியில் பாரத்தின் அடியில் மிச்சமிருந்த வெற்றிடத்தில் குறுக்காக ஒரு கோடு கிழித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். எதில் கையெழுத்துப் போட்டாலும் அந்தக் கோடு உண்டு. ஏன் என்று கேட்டதற்கு, "எடம் காலியா கெடந்தா எவனாவது வந்து குடிச போட்டுடுவான்" என்றார்.

ஆதார் நகல் கொடுத்தாலும் அப்படித்தான். நகலின் குறுக்கே, இன்ன கடையில் சிம் கார்டு வாங்குவதற்கு மட்டும் என்று தேதியோடு எழுதித்தான் கொடுப்பார். கடைக்காரன் இதெல்லாம் செல்லாது என்பான். "செல்லலன்னா சொல்லுப்பா, வேற கடைக்குப் போறேன்" என்றதும் செல்லும்.

ஒரு நாள் நான் கட்டம் போட்ட தாளோடு அவர் அறையில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. பேங்கிலிருந்து பேசுவதாகச் சொன்னான். இவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நோட்டை எடுத்தார். "மெதுவா சொல்லு சார், எழுதிக்கறேன்." அவனும் சொன்னான். இவரும் எழுதினார். "இப்ப நீ சொன்னத படிக்கறேன், சரியா இருக்குதான்னு பாரு. உங்க கார்டு பிளாக் ஆயிடுச்சு. போனுக்கு ஒரு நம்பர் வரும். அத்த என்கிட்ட சொன்னீங்கன்னா நான் தொறந்து விட்டுடறேன். சரிதானா சார்?" அந்தப் பக்கம் ஒரு கெட்ட வார்த்தை வந்தது, லைன் கட்டானது. அட்டைக்காரம்மா நோட்டை மூடினார். "பாவம், அவன் சொன்னத அவனாலயே கேக்க முடியல."

என் மனைவி அவருக்குப் பக்தையாகிப் போனாள். புது கிரைண்டர் வாங்கி வந்த அன்று அட்டைக்காரம்மா பில்லைப் பார்த்துவிட்டு, "இந்த வழவழ பேப்பர் எல்லாம் நாள் ஆவ ஆவ வெளுத்துடும்மா, இன்னிக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வெச்சிடு" என்று சொல்லியிருந்தார். எட்டு மாதத்தில் மோட்டார் நின்றது. எடுத்துப் பார்த்தால் பில் துடைத்துவிட்ட மாதிரி வெள்ளையாக இருந்தது. ஜெராக்ஸைக் காட்டித்தான் இலவசமாக மோட்டார் மாற்றினோம். அன்றிலிருந்து பால் கணக்கு முதல் பள்ளிக்கூட ரசீதுவரை எங்கள் வீட்டில் ஜெராக்ஸ்தான். என்னையும் ஒரு நாள் ஜெராக்ஸ் எடுத்துவிடுவாளோ என்று கேலி செய்தேன். "ஒண்ணே போதும்" என்றாள்.

இதெல்லாம் எங்கே கற்றார் என்று எனக்கு ஆவல். கேட்டால் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு பதில் வரும். ஒரு தடவை, "கண்ணு சரியில்லப்பா, சத்தமா படிச்சாத்தான் எனக்கே புரியுது" என்றார். இன்னொரு தடவை, வேலை இல்லாத நேரத்தில் வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்றார். ஒரே ஒரு தடவை மட்டும் கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "எங்கப்பாவுக்குக் கைநாட்டு. பயிர் வேலைக்குப் போன எடத்துல எல்லாம் வெச்சிக்கினே இருந்தாரு. எதுக்கு வெச்சாருன்னு அவருக்கும் தெரியாது, வாங்கினவங்களும் சொன்னதில்ல. எங்களுக்கு இன்னா இருந்துது, இன்னா போச்சுன்னு இன்னிக்கும் தெரியாது." உடனே அட்டையை எடுத்துக்கொண்டு, "ரெண்டு விடு, அஞ்சு அடி" என்று ஆரம்பித்துவிட்டார். நான் எழுந்து வந்தேன்.

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் நான் அந்த வேலையைச் செய்தேன். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுதினால் அது பாதிதான்.

அப்பா இறந்த மறு வருடம். அம்மா முன்பே போய்விட்டாள். நாங்கள் மூன்று பேர்: மூத்தவள் அக்கா, தாமலில் கட்டிக்கொடுத்திருந்தது, அடுத்து அண்ணன், கடைசியில் நான். அண்ணனும் நானும் அப்பா வீட்டிலேயே ஆளுக்கொரு தறி போட்டு நெய்துகொண்டிருந்தோம். மேலே ஒரு மாடி எழுப்ப வேண்டும், அதற்கு பேங்கில் கடன் வாங்க வேண்டும் என்பது அண்ணன் எண்ணம். வீடு எங்கள் இரண்டு பேர் பெயரில் மட்டும் இருந்தால் சுலபம் என்று பத்திரம் எழுதுகிறவர் சொன்னார். அக்கா தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தால் வேலை முடிந்தது.

அக்காவிடம் கேட்க வேண்டும். அண்ணன் கேட்கவில்லை, என்னைப் பேசச் சொன்னான். நானும் கேட்கவில்லை. "வீட்டு வரி, கரண்டு கனெக்ஷன் எல்லாம் இன்னும் அப்பா பேர்ல இருக்குதுக்கா. மாத்தணும். ஒரு நாள் ரிஜிஸ்டர் ஆபீஸ் வந்து கையெழுத்து போட்டுட்டுப் போ" என்று போனில் சொன்னேன். பொய்யில்லை, அதுவும் செய்ய வேண்டியதுதான். மீதியைச் சொல்லவில்லை. அக்கா, "எந்த பஸ்ஸுக்கு வரணும்?" என்று மட்டும் கேட்டாள். நாங்கள் வளர்ந்த தெரு அப்படி.

அன்றைக்குக் காலை பத்திரம் எழுதுகிறவர் கடையில் அக்கா, அண்ணன், நான். பதிவுக்கு டோக்கன் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒருவர் வந்துவிட்டார், கையெழுத்தும் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். இன்னொருவர் எங்கள் தெருக்காரர், விடிகாலை விரித்த பாவு எதிர்பாராத தூறலில் நனைந்துவிட்டது, உலர்த்திக்கொண்டிருக்கிறேன் என்று போன் செய்தார். அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். அப்போது அக்காதான் சொன்னாள்.

"அட்டக்காரம்மாவ கூப்புடேன்டா. அவங்க எப்பவும் ஆதார் கார்டு பையிலயே வெச்சிருப்பாங்க."

அவர் வந்தால் முழுதும் படிப்பார் என்று எனக்கு உடனே தெரிந்தது. அண்ணனுக்கு அது தோன்றவே இல்லை. அவசரத்தில் அவனே போன் போட்டான். பத்து நிமிடத்தில் அவர் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். "அம்மா, இங்க ஒரு கையெழுத்து, சீக்கிரம்" என்று சொல்லிவிட்டு அண்ணன் டோக்கன் எந்த நம்பரில் போகிறது என்று பார்க்க ஆபீசுக்குள் ஓடினான்.

அட்டைக்காரம்மா பெஞ்சில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பையிலிருந்து ஸ்கேலை எடுத்தார்.

"படிக்க எல்லாம் நேரம் இல்லம்மா" என்றார் பத்திரம் எழுதுகிறவர்.

"நான் வேகமாத்தான் படிப்பேன் சார்" என்றார். வேகமாகப் படிக்கவில்லை. தேதி, எங்கள் மூன்று பேர் பெயர், அப்பா பெயர், விலாசம், நாலு பக்க எல்லை. மேற்கே யார் வீடு, கிழக்கே யார் வீடு என்று அவர் படித்தபோது அக்கா புன்னகையோடு தலையாட்டிக்கொண்டே வந்தாள். ஊருக்கு வந்தவளுக்கு ஊர் பேச்சைக் கேட்கிற சந்தோஷம். எனக்கு அந்தப் புன்னகையைப் பார்க்க முடியவில்லை. அடுத்த பக்கம் வந்தது.

"மேற்படி சொத்தில் எனக்குள்ள பிரிபடாத மூன்றில் ஒரு பாகத்தை, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், முழு மனதுடன் என் சகோதரர்களுக்கு விடுதலை செய்து கொடுத்துவிட்டபடியால், இனிமேல் அதில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை."

அவர் நிறுத்தினார். ஸ்கேல் அந்த வரிக்கு அடியிலேயே இருந்தது. அக்கா தலையாட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

"அப்டின்னா இன்னாம்மா?" என்று அவரிடம்தான் கேட்டாள்.

அட்டைக்காரம்மா கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்த்தார். "எழுதியிருக்கறத படிக்கறதுதாம்மா என் வேல. அர்த்தம் தம்பி சொல்லுவாரு."

அண்ணன் இன்னும் வரவில்லை. நான் வாயைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன்.

"கையெழுத்து போட்டா வீட்ல உனக்குப் பங்கு இல்லன்னு அர்த்தம்கா."

"கரண்டு பேரு மாத்தறதுக்குன்னு சொன்ன?"

"அதுவும்தான்."

அக்கா அழவில்லை, கத்தவில்லை. கையில் பிடித்திருந்த பேனாவை மேஜையின் மேல் உருண்டு விழாதபடி பத்திரமாக வைத்தாள். "கேட்டிருக்கலாமேடா" என்றாள். அப்புறம் எழுந்து முந்தானையைச் சரி செய்துகொண்டு, தாமல் பஸ் எத்தனை மணிக்கு என்று அங்கிருந்த வேறு யாரிடமோ விசாரித்துக்கொண்டு போய்விட்டாள். அட்டைக்காரம்மா கையெழுத்துப் போடாத பத்திரத்தை அடுக்கி என் கையில் கொடுத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அண்ணனுக்கு வந்த கோபம் அக்கா மேல் போகவில்லை, என் மேலும் வரவில்லை. வெளியாள் மேல் போவது எப்போதும் எளிது. அட்டைக்காரம்மா எங்கள் குடும்பத்தைப் பிரித்துவிட்டதாகத் தெருவில் சொன்னான். சாட்சிக்குக் கூப்பிட்டால் சாட்சியோடு நிற்காமல் மூட்டிவிட்டார் என்று. ஏற்கெனவே சுளித்திருந்த முகங்களுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. நாலைந்து வீட்டார் அட்டை வேலையை வேறு ஆளிடம் கொண்டுபோனார்கள். "என்ன நடந்துச்சுப்பா?" என்று என்னையும் சிலர் கேட்டார்கள். நான் தறியில் உட்கார்ந்துகொண்டு, "அத்த விடுங்க" என்றேன். நடந்ததை நடந்தபடி சொல்ல ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை நான் சொல்லவில்லை. அவர் எதிர்வரிசையில் இருந்துகொண்டு நான் சொல்லாமல் இருப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாளில் வீட்டுக்காரர் அறையைக் காலி செய்யச் சொன்னார். அட்டைக்காரம்மா கடைசியாகப் புதுப்பித்த ஒப்பந்தத்தை எடுத்து வந்து வாசலில் நின்று படித்தார். இன்னும் நாலு மாதம் பாக்கி இருந்தது. நாலு மாதமும் இருந்தார். வாடகையை நாள் தவறாமல் பேங்கில் போட்டார். விடியற்காலையில் பாவு விரித்தால் முன்போலவே வந்து முனையைப் பிடித்தார். எங்கள் பாவுக்கும் வந்தார். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான், இவர் இழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாலாவது மாதக் கடைசி நாள் சாமான்களை ஏற்றினார். ஓதம் ஏறிய சுவருக்கு அட்வான்சில் பிடித்துக்கொள்ளப் பார்த்தார் வீட்டுக்காரர். அட்டைக்காரம்மா போனில் முதல் நாள் எடுத்த படத்தைக் காட்டினார். ஓதம் அப்போதே இருந்தது. அட்வான்ஸ் முழுசாகத் திரும்பி வந்தது. அவர் போன பிறகு தெருவில் யாரும் அந்தப் படங்களைப் பற்றிச் சிரிக்கவில்லை.

மாடி எழும்பவில்லை. அக்கா பொங்கலுக்கு வந்தாள், போனாள், பழைய மாதிரி பேசினாள். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. நாங்களும் எடுக்கவில்லை. இரண்டு வருடம் இப்படிப் போனது. அதற்குள் மாமா, அக்காவின் கணவர், ஒரு மத்தியானம் நெஞ்சு வலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. குழந்தைகள் கிடையாது. தாமல் வீடு மாமாவின் அண்ணன் பெயரில் இருந்தது. காரியம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அவர் அக்காவைப் பின்கட்டுக்கு மாறிக்கொள்ளச் சொன்னார். அங்கே மாட்டுத் தீவனம் போட்டு வைத்திருந்தார்கள். இருக்கலாம், வேண்டாம் என்று சொல்லவில்லை என்றாராம். அக்கா போன் செய்தபோது அண்ணன்தான் எடுத்தான். நான் பக்கத்தில் இருந்தேன்.

"கொஞ்ச நாளிக்கு அங்க வரட்டுமாடா?" என்று அவள் கேட்டது எனக்கும் கேட்டது.

அண்ணன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "உன் வீட்டுக்கு நீ வர்றதுக்கு எங்கள இன்னாத்துக்குக் கேக்கற? வண்டி எடுத்துக்கினு வர்றேன், சாமான கட்டி வெய்."

அண்ணன் நல்லவன்தான், அவன் எப்போதும் அவளைக் கைவிட்டிருக்க மாட்டான். ஆனால் அன்று அந்தப் பத்திரம் பதிவாகியிருந்தால் அவன், "எங்க வீட்டுக்கு வாக்கா" என்றுதான் சொல்லியிருப்பான். அன்போடு சொல்லியிருப்பான். அக்காவும் வந்திருப்பாள், வந்து தம்பிகள் வீட்டில் இருப்பவளாக, காலையில் முதலில் எழுந்து கடைசியில் சாப்பிடுகிறவளாக இருந்திருப்பாள். இப்போது முன்பக்க அறையை அவளே கேட்டு எடுத்துக்கொண்டாள். சாமி படத்தை எங்கே மாட்டுவது என்று யாரையும் கேட்காமல் ஆணி அடித்தாள். ஆணி அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் தறியில் உட்கார்ந்திருந்தேன். அந்த வாரமே ஓரிக்கைக்குப் போனேன்.

அங்கே தன் தம்பி வீட்டு மாடியில் அட்டைக்காரம்மா வேலை செய்துகொண்டிருந்தார். முடி கொஞ்சம் நரைத்திருந்தது. கம்ப்யூட்டர் ஒன்று வாங்கியிருந்தார், பக்கத்தில் பழைய ஸ்கேலும் இருந்தது. என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. "வாப்பா, உக்காரு. தண்ணி குடிக்கறியா?" என்றார். மகளுக்கு வேலை கிடைத்துவிட்டதைச் சொன்னார். நான் அக்கா வந்திருப்பதைச் சொன்னேன். அண்ணன் போனில் சொன்னதையும் அப்படியே சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

"உங்களுக்கு நாங்க பண்ணது தப்பும்மா. நானாவது நாலு பேர்கிட்ட சொல்லியிருக்கணும்."

"ஆமா, தப்புதான்" என்றார். மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. "அது இருக்கட்டும். பட்டா இப்ப யாரு பேர்ல இருக்குது?"

"இன்னும் அப்பா பேர்லதான்."

அவருக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "வாரிசு சர்டிபிகேட் கையில வெச்சிக்கினு ரெண்டு வருசமா இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க? செத்தவரு பேர்ல கெடக்கற வீட்டுக்கு யாரு வேணா வருவான். மூணு பேரும் சேந்து போங்க, மூணு பேரையும் ஏத்துங்க. உங்க அக்காகிட்ட நகல் ஒண்ணு தனியா குடுத்து வெய்யி. உன் அலமாரில வெக்காத, அந்தம்மா பெட்டியில வெய்யி."

சரி என்றேன். அடுத்த வாரமே செய்தோம். கிளம்பி மாடிப் படி இறங்கப் போனபோது அவர் கூப்பிட்டார்.

"ஒண்ணு சொல்றேன்பா. அன்னிக்கு உங்க அக்கா அர்த்தம் கேட்டப்ப நானே சொல்லியிருக்கலாம். எனக்கு பயம். அப்ப அந்த ரூம விட்டா எனக்கு வேற எடம் இல்ல, பொண்ணு வேற படிச்சிக்கினு இருந்துது. அதான் உன் தலையில போட்டேன். நீ மாத்தி சொல்லியிருந்தீன்னா நான் இன்னா பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியல. பேசாம கையெழுத்து போட்டுட்டு வந்திருப்பேனோ இன்னாவோ. ராத்திரி எல்லாம் அத்த நெனச்சிருக்கேன். நல்ல வேள, நீ நெசத்த சொல்லிட்ட. உனக்கு நல்ல மனசுப்பா."

நல்ல மனசு எல்லாம் ஒன்றும் இல்லை. அன்று நான் முதலில் வாயைத் திறந்தது, "சும்மா வரிக்காக அப்படி எழுதறதுதான்கா, நீ போடு" என்று சொல்லத்தான். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இரண்டு பெண்களும் கண் கொட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் வெளியே வரவில்லை, அவ்வளவுதான். அக்கா ஒரு கணம் குனிந்து பத்திரத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன்.

படியில் நின்று இதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். "வரேம்மா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். அக்காவிடமும் சொன்னதில்லை.